கரைக்குள் புதைத்த மரங்கள்

அப்பா இறந்த கரையைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லிப் பல் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு அப்பாவின் பொக்லைன் வண்டியையே கேட்டார்.

செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். ஊசி போடும் முன்பு, "ஒண்ணும் இல்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்வார்களே, அந்தக் குரல்.

"மழைக்கு முன்னால முடிச்சாகணும்மா. வேற வண்டிக்காரங்க எல்லாரையும் கேட்டுப் பார்த்துட்டேன். ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க. உங்க வீட்டு வண்டிதான் முதல்ல இறங்கணுமாமே."

"ஆமா," என்றாள் அம்மா.

"அது என்ன வழக்கம்னு எனக்குப் புரியல. ஆனா மதிக்கிறேன்."

"டீ ஆறுது. குடிங்க."

பொக்லைன் ஓட்டுபவர்களிடம் எழுதி வைக்காத கட்டுப்பாடு ஒன்று உண்டு. ஓர் ஆபரேட்டர் வேலையில் இறந்துபோன இடத்தில், அவர் வீட்டு ஆட்கள் வந்து பார்த்து, என்ன வேலை செய்யலாம் என்று வாயால் சொல்லும்வரை வேறு எந்த வண்டியும் இறங்காது. வண்டி அவர்களுடையது என்றால் அதுதான் முதல் பக்கெட் மண்ணை அள்ள வேண்டும். இறந்தவனின் ஆட்கள் பார்ப்பதற்குள் முதலாளிகள் மண்ணைத் தள்ளி எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள் என்பதால் வந்த கட்டுப்பாடு இது என்பார் சித்தப்பா. அவரும் ஆபரேட்டர்தான். அப்பாவின் தம்பி.

ஆக, அம்மா தலையாட்டினால் டாக்டரின் குட்டை திரும்ப வரும். ஓடை திரும்ப நிற்கும். ஆட்டாவிட்டால் வராது. அவ்வளவுதான் விஷயம். டாக்டருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் செருப்பை அவ்வளவு ஒழுங்காக வைத்தார்.

"பேசிட்டுச் சொல்றோம்," என்றாள் அம்மா.

அப்பாவை ஊரில் எல்லோரும் குட்டைக்காரர் என்றுதான் சொல்வார்கள். சாலை போடும் வேலைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், பிறகு பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். அந்தச் சமயத்தில்தான் நகரத்து ஆட்கள் மேட்டுச் சரிவில் நிலம் வாங்க ஆரம்பித்தார்கள். வார இறுதியில் வந்து தங்கும் வீடுகள். சரிவின் நடுவே ஓடை ஒன்று இறங்கி வரும். வேட்டியை மடித்துக் கட்டாமலே தாண்டிவிடலாம், அவ்வளவு அகலம். அது யார் நிலத்துக்குள் வந்தாலும் அவருக்கு அதைத் தடுத்து நிறுத்தி ஒரு குட்டை வேண்டும் என்று தோன்றிவிடும்.

"அவங்க அதை லேக்னு சொல்லுவாங்க," என்பார் அப்பா. "நான் வெட்டுறது குட்டைதான்."

அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. சரிவைப் பார்த்ததும் ஓடை எங்கே ஒடுங்குகிறது, எங்கே குறுக்கே மண் போட்டால் குறைந்த மண்ணில் நிறையத் தண்ணீர் நிற்கும் என்று சொல்லிவிடுவார். கரை முடிந்த அன்று வீட்டுக்கு வரமாட்டார். மேலே உட்கார்ந்து தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு போன் செய்து, "நிறையுதுடி" என்பார். குழந்தை குப்புற விழுந்ததைச் சொல்வதுபோல் இருக்கும். குட்டைக்காரர் என்று வண்டியின் பின் கண்ணாடியில் அவரே எழுதி ஒட்டியிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் ஒரு நிறம்.

அதே ஓடையின் கீழ்க்கோடியில், எங்கள் வீட்டின் பின்னால், அம்மா நாற்றுப் பண்ணை வைத்திருந்தாள். கத்தரி, தக்காளி, மிளகாய், பூச்செடிகள். குழித்தட்டுகளில் வளர்த்து விற்பாள். பச்சை வலைக்குக் கீழே தட்டுகள் வரிசையாக இருக்கும். ஓடையிலிருந்து மொண்டு பூவாளியில் ஊற்றுவாள். அந்தத் தண்ணீர் கோடையிலும் கை விறைக்கும். கூழாங்கற்கள் தெரியும். கல்லைப் புரட்டினால் அடியில் விரல் நீளத்துக்கு மீன் இருக்கும். நான் புரட்டியிருக்கிறேன்.

கணவன் மேலே ஓடையை நிறுத்தினான். மனைவி கீழே ஓடையை நம்பி இருந்தாள். ஒரே வீட்டுக்குள் இதைப் பேசாமல் எப்படி இவ்வளவு வருஷம் ஓடியது என்று கேட்பவர்கள் உண்டு. பேசினார்கள். தினமும் பேசினார்கள்.

முதல் இரண்டு குட்டைகள் வந்தபோது கீழே வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது வந்த கோடையில் ஓடை வற்றியது. அதற்கு முன் அது வற்றி அம்மா பார்த்ததில்லை. அவள் வெறும் கல்லின் மேல் நின்றுகொண்டு போன் செய்தாள்.

"ஏங்க, உங்க குட்டை நிறைஞ்சிடுச்சா?"

"வழியுற மாதிரி இருக்கு. ஏன்?"

"இங்க வந்து பாருங்க. நான் ஓடையில செருப்புக் காலோட நிக்கிறேன்."

மறுநாள் அவர் ஒரு டிராக்டரில் தண்ணீர் டேங்க்கை இழுத்துக்கொண்டு வந்தார். தான் வெட்டிய குட்டையிலிருந்து நிரப்பிய தண்ணீர். முகமெல்லாம் சிரிப்பு.

"என் ஓடைத் தண்ணிய எனக்கே டேங்க்ல கொண்டு வந்து குடுக்கறீங்களா," என்றாள் அம்மா. "கலெக்டர் வந்து திறந்து வெப்பாரா, நீங்களே திறப்பீங்களா?"

"செடி காயுதுன்னு சொன்ன. தண்ணி வந்திருக்கு. அதுக்கும் திட்டா?"

"இது தண்ணியா? மோந்து பாருங்க."

பச்சையாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. வேறு வழியில்லாமல் ஊற்றினாள். பாசி பூவாளியின் துளைகளை அடைத்தது. ஊசியால் குத்திக் குத்தி ஊற்றினாள். அந்த வாரம் தட்டுத் தட்டாக நாற்றுகள் தண்டு அழுகிச் சாய்ந்தன.

நான் நீர்ப் பொறியியல் படித்தேன். நகரத்தில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. விடுமுறைக்கு வந்தபோது ஒருநாள் அப்பாவை ஓடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். எல்லாக் குட்டைகளுக்கும் மேலே ஓடும் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னேன். வைத்தார். பிறகு எல்லாவற்றுக்கும் கீழே வைக்கச் சொன்னேன்.

"குளிக்க நல்லா இருக்கும்போல," என்றார்.

"மீன் செத்துடும்பா."

"குளிருக்கு யாரும் செத்ததில்லையா?"

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். நிற்கும் தண்ணீர் வெயிலில் சூடாகும். சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். குட்டை மேல்மட்டத்திலிருந்து வழிவதால், கீழே வருவது இருப்பதிலேயே சூடான தண்ணீர். ஓடை கொண்டுவரும் மணலும் கல்லும் குட்டைக்கடியில் தங்கிவிடும். வெறுங்கையோடு கீழே இறங்கும் தண்ணீர் தன் படுகையையே அரிக்கும். கல்லிடுக்கில் முட்டையிடும் மீனுக்குக் கல் கிடைக்காது. மேலே ஏறிப்போக வழியும் கிடைக்காது. கோடையில் ஒரு குட்டை தன் வயிறு நிரம்பிய பிறகுதான் அடுத்ததற்கு விடும். பரந்த பரப்பிலிருந்து வெயில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கடைசிக் குட்டையும் நிரம்பி மிச்சம் இருந்தால் எங்கள் ஊருக்கு. மிச்சம் இருக்காது.

"ஒரு குட்டைன்னா பரவாயில்லப்பா. வரிசையா வெட்டி வெச்சிருக்கீங்க."

"நான் போகலேன்னா பக்கத்து ஊரு வண்டி வரும். அவன் வந்து வெட்டிட்டுப் போவான். உன் அம்மாவுக்கு டேங்க் தண்ணிகூட வராது."

இந்தப் பதிலைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். ஆனால் சொல்வார். ஒவ்வொரு முறையும் சொன்னார். எனக்கு அவர் மேல் அன்றும் கோபம். இன்றும் கோபம். இறந்துவிட்டார் என்பதால் அது குறையவில்லை. கோபித்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் புதிது.

பாசன அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பொறியாளர் என் வயதுதான் இருப்பார். பொறுமையாகவே பேசினார்.

"ஒவ்வொண்ணும் அளவுக்குக் கீழதாங்க இருக்கு. அனுமதி தேவையில்ல."

"எல்லாத்தையும் சேர்த்தா?"

"சேர்த்துப் பார்க்க விதி இல்லைங்க."

"ஓடை ஒண்ணுதானே சார்?"

"குட்டை தனித்தனிதானே மேடம்."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மேசையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, மூடி திறக்காமல். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பல் டாக்டருடையது கடைசிக் குட்டை. ஓடையில் எல்லாவற்றுக்கும் கீழே, எல்லாவற்றையும்விடப் பெரியது. மற்ற எட்டையும் சேர்த்தால்கூட அதில் அடங்கிவிடும். அதற்குக் கீழே எங்கள் தெருதான்.

அந்த இடத்தில் ஓடையின் இரு பக்கமும் மரங்கள் இருந்தன. பெரிய மரங்கள். தண்ணீருக்கு நிழல் தந்தவை. குட்டை என்றால் அவை போக வேண்டும். வெட்டிச் சாய்த்தாயிற்று. அடிமரமும் வேர்க்கட்டையும் மலைபோல் குவிந்தன. அவற்றை ஏற்றிக் கொண்டுபோக லாரி மேலே வர வேண்டும்; லாரி வரப் பாதை போட வேண்டும். டாக்டர் முகம் சுளித்தார். அப்பா தன் பழைய வழியையே கையாண்டார். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது பெருமையாகச் சொன்னார்.

"லாரியே கூப்பிடல. மரத்தை எல்லாம் கரைக்குள்ளயே படுக்க வெச்சு மேல மண்ணைப் போட்டு மூடிட்டேன். மண்ணும் மிச்சம். டாக்டருக்கு ஒரே சந்தோஷம்."

"அப்பா, மரம் அழுகும். அழுகின இடம் பொந்தாகும். பொந்து வழியாத் தண்ணி போகும்."

"அவ்வளவு பெரிய மரம் மக்கிப் போக எத்தனை வருஷம் ஆகும்னு நினைக்கிற? அதுக்குள்ள நானே மக்கிடுவேன்."

"கரைக்குள்ள கட்டை போடக் கூடாதுப்பா. எந்தக் கரைக்குள்ளயும்."

"எல்லாரும் போடுறதுதான் பாப்பா. மேல இருக்கிற எட்டுலயும் நான் போட்டிருக்கேன்."

அது உண்மை. எல்லோரும் போடுகிறார்கள். பாறையில் வேலை செய்பவன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான்; புதைக்க அங்கே மண் இல்லை. சாலை போடுபவனும் செய்யமாட்டான்; ரோலர் ஓடினால் மறுநாளே குழி விழும், கான்ட்ராக்டர் சட்டையைப் பிடிப்பான். குட்டை வெட்டுபவன்தான் செய்வான். ஏனென்றால் குட்டைக் கரை பல வருஷம் பேசாமல் நிற்கும். மேலே புல் முளைக்கும். சொந்தக்காரர் நாற்காலி போட்டு உட்காருவார்.

டாக்டர் போட்டு உட்கார்ந்தார். சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய மீன்களை வாங்கி விட்டார். நகரத்திலிருந்து நண்பர்களை அழைத்து வந்து காட்டினார். நடுவில் மிதக்கும் மேடை ஒன்று இருந்தது. அதன் மேல் குடை. அம்மா பண்ணையில் பாதித் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கினாள். கோடையில் வாங்க வருகிறவர்களிடம், "ஓடை லீவுல போயிருக்கு" என்பாள்.

ஏழு வருஷம் கழித்து டாக்டர் போன் செய்தபோது அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டார். அதனால் அம்மாவும் கேட்டாள்.

"கரைக்கு வெளிப்பக்கம் ஒரு சின்னக் கசிவு. வெள்ளிக்கிழமை ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க. அதுக்குள்ள அடைச்சுக் குடுத்துடுங்க."

"தண்ணி தெளிவா வருதா டாக்டர், கலங்கலா வருதா?"

"கொஞ்சம் கலங்கலாத்தான்."

"அப்ப முதல்ல தண்ணிய இறக்கணும்."

"அதெல்லாம் வேண்டாம். மீன் இருக்கு. வர்றவங்க தண்ணியப் பார்க்கத்தானே வர்றாங்க. இருக்கிறபடியே அடைங்க. உங்களுக்குத் தெரியாததா?"

கலங்கலாக வருகிறது என்றால் கரையின் உள்மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். அப்பாவுக்குத் தெரியும். அதனால்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "பார்த்துக்கலாம் டாக்டர்" என்றார். கடைசி வார்த்தைக்கு மயங்கிவிட்டார். உங்களுக்குத் தெரியாததா. அதைச் சொல்லி அவரை எங்கே வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம்.

"தண்ணிய இறக்காம மேல ஏறாதீங்க," என்றாள் அம்மா.

"சின்னக் கசிவுதான்."

"நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது, விழுது. சாப்பிட வந்துடுவேன்."

தண்ணீர்ப் பக்கத்திலிருந்து களிமண்ணை அழுத்தி அடைக்கலாம் என்று வண்டியைக் கரையின் மேலேயே ஓட்டிப்போயிருக்கிறார். வண்டியின் எடை இருபது டன்னுக்கு மேல். கீழே மரங்கள் இருந்த இடத்தில் மரங்கள் இல்லை. வெறும் குகை. கரை உள்ளே இறங்கியது. வண்டி சாய்ந்தது. முழுக் குட்டையும் அதன் மேலேறிப் போனது.

நான் போய்ச் சேர்வதற்குள் அப்பாவை எடுத்துவிட்டார்கள். அவர் முகத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.

உடைந்த கரையைப் பார்த்தேன். நடுவில் பெரிய வாய். இரு பக்கமும் செங்குத்தாக அறுந்த மண்சுவர். சுவரிலிருந்து அடிமரங்களின் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. சில இன்னும் கெட்டியாக. சில பஞ்சுபோல். சில இடங்களில் மரமே இல்லை. பட்டையின் தடம் பதிந்த பொந்து மட்டும். ஒன்றில் கையை விட்டேன். தோள் வரை போனது. விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

கீழே எங்கள் தெருவில் முழங்கால் வரை சேறு. பல வருஷங்களாகக் குட்டைக்கடியில் தேங்கியிருந்த கறுப்புச் சேறு. அழுகிய முட்டை நாற்றம். கிணறுகளில் எல்லாம் அதே தண்ணீர். ஓடையில் மிச்சமிருந்த கல்லும் சேற்றுக்கடியில் போய்விட்டது. சாக்கடை ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக மீன்கள் கிடந்தன. அம்மாவின் பண்ணை இருந்த இடத்தில் பச்சை வலையின் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது.

காவல்துறையிடம் டாக்டர், "அவராத்தான் கரை மேல ஏறினார். நான் ஏறச் சொல்லவே இல்லை" என்றார். பொய் இல்லை. ஏறச் சொல்லவில்லை. தண்ணீரை இறக்கவும் விடவில்லை. அதை யாரும் கேட்கவில்லை. அம்மா சொன்னாள். எழுதிக்கொண்டார்களா என்று தெரியாது. விபத்து என்று முடித்தார்கள்.

அந்த மனிதர்தான் இப்போது டீ குடித்துவிட்டுப் போயிருந்தார்.

கதவைச் சாத்தியதும் நான் சொன்னேன். "முடியாதுன்னு சொல்லிடும்மா. இப்பவே போன் பண்ணி."

"இரு பாப்பா," என்றார் சித்தப்பா. சேற்றிலிருந்து எடுத்த வண்டியை அவர்தான் கழற்றி, கழுவி, ஓடவைத்திருந்தார். "முடியாதுன்னு சொன்னா கரை அப்படியே கிடக்கும். ரெண்டு பக்கமும் பாதிப் பாதி நிக்குது. மழை வந்தா அதுவும் விழும். விழுந்த மண்ணு ஓடையை அடைக்கும். மேல தண்ணி சேரும். அப்புறம் திரும்பவும் நம்ம தெருவுக்குத்தான் வரும்."

அவர் சொன்னது சரி. பாதி உடைந்த கரை முழுக் கரையைவிட மோசம்.

டாக்டர் வைத்துவிட்டுப் போன தம்ளரை அம்மா கையில் எடுத்தாள். பாதி டீ அதில் இருந்தது.

"மிச்சக் கரையை எடுக்க முடியுமா?"

"எடுக்கலாம் அண்ணி. ஆனா அது டாக்டரு இடம். அவரு சம்மதிக்கணும். எடுக்கறதுக்கு எவன் சம்மதிப்பான்?"

"திரும்பக் கட்டணும்னாலும் எடுத்துத்தானே ஆகணும்," என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பினாள். "ஆகணுமா, வேண்டாமா? நீதானே படிச்சவ."

ஆக வேண்டும். எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். மரம் புதைந்த மண்ணின் மேல் புது மண் போட்டுக் கரை கட்ட முடியாது.

டாக்டரின் மருத்துவமனைக்கு நானே போனேன். வெள்ளை அறை. எலுமிச்சை வாசனை. சுவரில் பெரிய பல்லின் குறுக்குவெட்டுப் படம். நான் போனபோது கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உள்ளே எல்லாம் மரம் சார். மிச்சம் நிக்கிற கரையிலயும் மரம்தான். அப்படியே மேல மண்ணப் போட்டு அடைச்சா திரும்பவும் போயிடும்."

"கொஞ்சம் மட்டும் சுரண்டிட்டு அடைச்சா?"

"சொத்தைய உள்ள விட்டுட்டுப் பல்லை அடைப்பீங்களா சார்?"

அவர் சிரித்தார். முதல் தடவையாக என்னை ஒரு ஆளாகப் பார்த்தார். "நல்லாச் சொன்னீங்க. சரி, முழுசா எடுத்துடுங்க. அப்புறம் புதுசாக் கட்டிக்கலாம்."

"எடுக்காம கட்டவே முடியாது," என்றேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. சொல்லாமல் விட்டதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவர் காவல்துறையிடம் பேசிய முறையைத்தான் நான் கடைப்பிடித்தேன்.

வண்டி மேலே ஏறிய நாளில் அம்மாவும் வந்தாள். கரையின் அறுந்த முனைக்கு அருகே நின்றாள். அப்பா இறந்த இடத்தை அவள் அதுவரை பார்க்கவில்லை. அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஈர மண்ணும், நடுவில் மெலிதாக ஓடும் தண்ணீரும்தான்.

சித்தப்பா கேபினிலிருந்து தலையை நீட்டினார். கட்டுப்பாட்டின்படி கேட்டார்.

"என்ன வேலை அண்ணி?"

"எடுங்க," என்றாள் அம்மா. "மண்ணு, மரம், எல்லாத்தையும். அவரு போட்டது ஒண்ணும் இருக்கக் கூடாது."

பக்கெட் இறங்கியது. முதல் அள்ளலிலேயே ஒரு வேர்க்கட்டை வந்தது. ஆள் உயரம். சித்தப்பா அதைத் தூக்கி, கொஞ்சநேரம் காற்றிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக மேட்டில் வைத்தார். கோபத்தில் வீசுவார் என்று நினைத்திருந்தேன். அண்ணன் கை பட்டது என்று வைத்தாரோ என்னவோ.

இந்த முறை சேறு கீழே போகாமல் நான் பார்த்துக்கொண்டேன். ஓடையை ஒரு பக்கமாகக் குழாயில் திருப்பிவிட்டு, மறுபக்கம் எடுத்தோம். பிறகு பக்கம் மாற்றினோம். மண்ணை ஓடைக்கு எட்டாத தூரத்தில் கொட்டினோம். வைக்கோல் கட்டுகளை வரிசையாகப் போட்டுக் கலங்கலை நிறுத்தினோம். ஒரு கரையைக் கட்டுவதைவிட எடுப்பது நிதானமான வேலை. அப்பாவுக்கு அவ்வளவு பொறுமை இருந்திருக்காது.

மரம் வந்துகொண்டே இருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படுக்கவைத்திருந்தார். விறகு அடுக்குவதுபோல நெருக்கமாக, நேராக. தப்பையும் ஒழுங்காகச் செய்திருந்தார். எங்கேயாவது ஒரு பத்தடியாவது நல்ல கரை இருக்கும் என்று சித்தப்பா நினைத்தார். இல்லை. கடைசி மரம் வந்தபோது கரையும் இல்லை.

நடுவில் பழைய படுகை தெரிந்தது. ஓடையை அதில் விட்டோம். தண்ணீர் கொஞ்சம் தடவிப் பார்த்து, பிறகு போனது. கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புதான். மேலே இன்னும் எட்டுக் கரைகள் இருக்கின்றன. எட்டும் அப்பா கட்டியவை. எல்லாவற்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வீடுகளின் சொந்தக்காரர்களிடம் போய்ச் சொன்னேன். ஒருவர் நாயைக் கட்டாமலே கதவைத் திறந்தார். இன்னொருவர் தன்னுடைய குட்டை பத்து வருஷமாக நன்றாகத்தான் இருக்கிறது என்றார். டாக்டருடையதும் ஏழு வருஷம் நன்றாகத்தான் இருந்தது.

வேலை முடிந்த நாளில் டாக்டர் வந்தார். அவர் காருக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் லாரியில் பக்கத்து ஊர் பொக்லைன் வந்தது. அந்த ஆபரேட்டர் இறங்கி, அம்மாவைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

டாக்டர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். அவர் நாற்காலி போட்டு உட்காரும் இடம் ஆகாயத்தில் இருந்தது.

"இவ்வளவும் எடுத்துட்டீங்களா?"

"எடுக்கச் சொன்னீங்களே சார்," என்றேன்.

"சரி. நல்லது. இனிமே கட்டலாம். களிமண் லாரி நாளைக்கு வருது." ஆபரேட்டரிடம் திரும்பினார். "வண்டிய இறக்குங்க."

ஆபரேட்டர் அசையவில்லை. அம்மாவிடம்தான் கேட்டார். "கட்டச் சொல்லியாச்சாம்மா?"

"எடுக்கச் சொன்னேன்," என்றாள் அம்மா. "கட்டச் சொல்லல."

"அதான் அவங்க வண்டி இறங்கி முடிச்சாச்சே," என்றார் டாக்டர். "இன்னும் என்ன?"

"சொன்ன வேலைக்குத்தான் சார் கணக்கு," என்றார் ஆபரேட்டர். "எடுக்கறது வேற, கட்டறது வேற." அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. மேட்டில் வரிசையாகக் கிடந்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை கரையில் தானும் இப்படிப் போட்டிருக்கிறோம் என்று நினைத்திருப்பார். முகம் அப்படித்தான் இருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். அவருடைய மருத்துவமனைக் குரல் போய்விட்டிருந்தது.

"இது என் இடம். என்னைக் கோர்ட்டுக்குப் போக வைக்காதீங்க."

"போங்க," என்றார் சித்தப்பா. "வண்டி ஓட்டுற ஜட்ஜா இருந்தாக் கூட்டிட்டு வாங்க."

டிரெய்லரின் டிரைவர் சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக மாற்றினார். டாக்டர் அம்மாவின் அருகே வந்தார். முயற்சி செய்து குரலை இறக்கினார்.

"சரிம்மா. உங்க வருத்தம் எனக்குப் புரியுது. இன்னைக்கு வேண்டாம். எப்பதான் சொல்லுவீங்க?"

அம்மா சேலை நுனியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். வாசலுக்கு வரும் எவருக்கும் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"வீட்டுக்காரர் வரட்டும் டாக்டர். கேட்டுச் சொல்றேன்."